மாவுக்கட்டுப் போட்ட மாமரம்

ஆற்றங்கரைத் தெருவில் பதினோராம் எண் வீட்டின் பின்புறம் நிற்கும் மாமரத்தின் உடல் வெப்பம் முப்பத்தாறு புள்ளி எட்டு டிகிரி. கோடையிலும் அதுதான், ஆறு கெட்டியாக உறைந்து மேலே லாரி போகும் மாதங்களிலும் அதுதான். இதை அளந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் எலும்புப் பிரிவு டாக்டர், இன்னொருவர் குழாய் பார்க்க வந்த நகராட்சி ஆள், மூன்றாமவர் பக்கத்து வீட்டு டிகிரிக்காரர். மூன்று பேரும் வேறுவேறு கருவிகளால் அளந்தார்கள், டிகிரிக்காரர் கோபத்தோடு அளந்தார், ஆனாலும் எண் மாறவில்லை. ஒரே ஒரு தடவை, மூன்று நாள் மட்டும், அது இறங்கியது. வருஷத்தில் ஐந்து மாதம் பனி தரையைவிட்டு எழுந்திருக்காத ஊர் அது. ஆப்பிள் மரமே அங்கே பத்துத் தடவை யோசித்துவிட்டுத்தான் காய்க்கும். அப்படிப்பட்ட இடத்தில் மாமரம் எப்படிப் பிழைத்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், உள்ளூர்க்காரர்கள் இதிலென்ன இருக்கிறது என்பதுபோல் பார்ப்பார்கள். "மாவுக்கட்டு அக்கா கட்டுப்போட்டாங்க, கூடிருச்சு" என்பார்கள், அவ்வளவுதான்.

ஊர் மருத்துவமனையில் எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவது அக்காவின் வேலை. பனியில் வழுக்கி விழுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாத ஊர் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. மாவு தடவிய துணிப்பட்டைச் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி நின்றதும் எடுத்து, லேசாகப் பிழிந்து சுற்ற ஆரம்பித்தால் நடுவில் யாரோடும் பேசமாட்டாள். உள்ளங்கையால்தான் தடவுவாள், விரல் நுனி பட்டால் குழி விழும், குழி விழுந்த இடம் உள்ளே குத்தும். முடித்ததும் கட்டுக்கு வெளியே தெரியும் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பாள். திரும்பினால் "போயிட்டு வாங்க, ஆறு வாரம்" என்பாள். மாஞ்செடி வீட்டுக்கு வந்த வருஷம் அவளுக்குச் சர்வீஸ் இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கட்டிய எலும்பு ஒன்றுகூடக் கூடாமல் போனதில்லை. தபால்காரரின் வலது கால் இரண்டு தடவை, மேயரின் மணிக்கட்டு, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் முழங்கை என்று ஊரில் பாதிப் பேருக்குள் அவள் கைவேலை இருந்தது. தற்பெருமை பேசுகிறவள் இல்லை. ஆனால் இருபத்திரண்டை யாராவது இருபது என்று சொன்னால், திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டாம் எண் வீட்டில் இருந்த டிகிரிக்காரருக்கும் இப்படி ஓர் எண் உண்டு. அவர் தோட்டத்தில் நாலு கால்மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டிக்குள் ஊரின் அரசாங்க வெப்பமானி இருந்தது. காலை ஏழு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும்போது பெட்டியைத் திறந்து, கண் பாதரச மட்டத்துக்கு வரும்படி குனிந்து, பார்த்ததை நீல நோட்டில் எழுதுவார். அப்போதே முப்பத்தோரு வருஷம், ஒரு நாள் விட்டதில்லை. தன் கல்யாணத்தன்று மணப்பெண்ணைக் காரில் உட்காரவைத்துவிட்டு எழுதப் போனவர் அவர். அந்த அம்மாள் இரண்டே வருஷத்தில் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போனதற்கு அது மட்டும் காரணமில்லை என்று சொல்வார். பனியில் எப்படி நடக்க வேண்டும் என்பதை அவரைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ஊரில் எலும்பு முறியாத ஒரே பெரிய மனிதர் அவர்தான், அதனால் அக்காவின் கைக்கு அவர் போனதே இல்லை. இருபத்திரண்டும் முப்பத்தொன்றும் இடுப்பளவு வேலிக்கு இருபுறமும் சண்டை சச்சரவில்லாமல் குடியிருந்தன.

வினை ஒரு மாங்கொட்டையாக வந்தது. கடையில் வாங்கிய பழம், ஒரே புளிப்பு, சாப்பிட்டவர்கள் அன்றைக்கே அதை மறந்துபோனார்கள். அடுப்புக்குப் பின்னால் விழுந்த கொட்டை மறக்கவில்லை. சூட்டில் முளைத்து, செம்பு நிறத்தில் நாலு இலை விட்டு, ஒருநாள் எட்டிப்பார்த்தது. அக்கா அதைத் தொட்டியில் வைத்து ஜன்னலோரம் வளர்த்தாள். கொஞ்சம் வெயில் படட்டும் என்று வேலியோரம் வைத்திருந்த நாளில் டிகிரிக்காரர் கண்ணில் பட்டது.

"என்னம்மா இது?"

"மாமரம் சார்."

"இந்த ஊர்லயா? கல்லுல நார் உரிக்கிற வேலை. வேணும்னா மூணாம் வருஷம் வெறகுக்கு ஆகும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விறகு என்ற சொல் அவளுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. "நான் கைவெச்சது எதுவும் இதுவரைக்கும் வெறகுக்குப் போனதில்ல சார்" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து அது அவளுக்குச் செடி இல்லை. சிகிச்சைக்கு வந்த ஆள்.

கொட்டையிலிருந்து வந்த மாமரம் காய்க்க எட்டுப் பத்து வருஷம் ஆகும், காய்த்தாலும் பழம் எப்படி இருக்கும் என்பது அதற்கே தெரியாது. காய்த்துப் பழகிய மரத்தின் குச்சியை வெட்டி அதன்மேல் ஒட்டுக் கட்டினால் மூன்று நாலு வருஷத்தில் பூக்கும் என்று நூலகத்துப் புத்தகம் சொன்னது. காய்த்துப் பழகிய மரத்துக்கு எங்கே போவது? அதற்கு நாத்தனார் இருந்தாள். கணவரின் தங்கை, வெயில் நாடுகளுக்குப் போய்வரும் கப்பலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. வீட்டில் அவளுக்குப் பெயரே கப்பல்தான். வருவதும் போவதும் போடும் சத்தமும் அப்படி. செடிகொடிகளை எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். கப்பல் மூன்று குச்சிகளை ஈரத்துணியில் சுற்றித் தன் கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டாள். பதினேழு நாள் பயணம். ஆறாம் நாள் கொண்டையிலிருந்து ஒரு தளிர் வெளியே வந்தது. பதினான்காம் நாள் ஒரு கடற்குருவி அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போனது. சுங்க அதிகாரி அவள் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டித் தேடிவிட்டு, கடைசியில் தலையைப் பார்த்து, "இப்ப இதுதான் ஃபேஷனா?" என்று கேட்டார். "ஆமா சார், தலைக்குக் குளிர்ச்சி" என்றாள் கப்பல். வீட்டுப் படியேறியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணி, மொதல்ல இத அவுருங்க. பதினேழு நாளா ஒரே பக்கமாப் படுத்து கழுத்தே திரும்பல" என்பதுதான்.

சமையலறை மேஜைமேல் ஒட்டுக் கட்டினார்கள். அக்காவின் கணவர் நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்; நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டார். அக்கா செடியின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்புப்போல் இருபுறமும் சரித்துச் செதுக்கி, பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை பச்சையோடு சேரும்படி உள்ளே இறக்கினாள். அதுவரைக்கும் புத்தகத்தில் இருந்தபடிதான். அதன் பிறகு பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டவும் என்று போட்டிருந்தது. தொழில் புத்தி குறுக்கே வந்தது அங்கேதான். "வெறும் நாடாவா? ஆட்டம் நிக்காம எப்படிங்க கூடும்?" என்று கணவரைக் கேட்டாள். அவர் விளக்கை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். அவள் பஞ்சு சுற்றி, அதன்மேல் ஒழுங்காக மாவுக்கட்டே போட்டுவிட்டாள், முழங்கையிலிருந்து விரல்வரை போடுவதுபோல. தோட்டக்காரன் எவனாவது பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். மாவு ஈரத்தை உறிஞ்சும், தண்டு வறண்டு சாகும். அவளுக்கு அது தெரியாது. கட்டி முடித்துக் குச்சியின் நுனிமொட்டை நகத்தால் அழுத்தினாள். வெளுத்தது, பிறகு சிவந்தது. "ஆறு வாரம்" என்றாள் செடியிடம்.

மாவுக்கட்டு இறுகும்போது சூடாகும், கட்டுப் போட்டுக்கொண்ட எல்லாருக்கும் இது தெரியும். அரைமணி நேரத்தில் ஆறிவிடும். இந்தக் கட்டு ஆறவில்லை. மறுநாளும் ஆறவில்லை, மறுவாரமும் ஆறவில்லை, ஒருவர் கையைப் பிடித்தால் இருக்கும் அதே இளஞ்சூடு. வீட்டுப் பூனை கணப்பை விட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றிப் படுக்க ஆரம்பித்தது. ஆறாம் வாரம் அக்கா தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போனாள். எக்ஸ்ரே எடுக்காமல் கட்டைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எக்ஸ்ரேக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டிய இடத்தில், முறிந்த எலும்பு கூடும்போது வரும் வெள்ளைத் திரட்சி அழகாக வட்டம் கட்டியிருந்தது.

"நல்லாக் கூடியிருக்குக்கா. ஆனா இது எந்தக் கை?"

"எடது" என்றாள் அக்கா. அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த கோடையில் செடியைப் பின்புறத்து மண்ணில் இறக்கினாள். குளிர் வந்தது, பனி கொட்டியது, செடியைச் சுற்றி எட்டடிக்குள் விழுந்த பனி மட்டும் தண்ணீராகி ஓடியது. இரண்டாம் குளிர்காலத்தில் மரம் கூரையைத் தொட்டது, மூன்றாவதில் தாண்டியது. அதன் கீழே புல் பச்சையாக இருந்தது, தெருப் பூனைகள் எல்லாம் அங்கே குடிவந்தன. கடிதம் கொடுக்க வந்த தபால்காரர், குளிரில் குடைந்துகொண்டிருந்த வலது காலை ஒரு நிமிஷம் மரத்தில் சாய்த்தார், குடைச்சல் நின்றுவிட்டது. வாய் சும்மா இருக்குமா? மறுநாளிலிருந்து காலைநேரத்தில் ஊரின் பழைய முறிவுகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன, முழங்கை, கணுக்கால், மணிக்கட்டு என்று. மேயர் ஒரு கையை மரத்தில் வைத்துக்கொண்டே மறுகையால் இரண்டு கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். அக்கா யாரையும் வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. வேலைக்குக் கிளம்பும்முன் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்கவும் தெரியவில்லை.

சந்தோஷப்படாதவர் ஒருவர்தான். வெள்ளைப் பெட்டிக்கும் மரத்துக்கும் இடையே இருபதடிதான். ஊர் பல் தந்தியடித்துக்கொண்டிருந்த காலைகளில் வெப்பமானி மைனஸ் நாலு காட்டியது. மரம் உயர உயர நீல நோட்டில் ஊர் சூடாகிக்கொண்டே போனது. நாலாம் குளிர்காலத்தில் மேலிடத்திலிருந்து, உங்களுடையது மிதமான தட்பவெப்பம் கொண்ட ஊர் என்று கடிதம் வந்தது, ஊருக்கு அரசாங்கம் தரும் கணப்பு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்பட்டது. மைனஸ் இருபதுக்குக் கீழே போனால் பள்ளிக்கு விடுமுறை; அந்த வருஷம் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை, பிள்ளைகள் டிகிரிக்காரர் கதவில் பனிக்கட்டி எறிந்தார்கள். பெட்டியை நகர்த்தினால் என்ன என்றவர்களுக்கு, நகர்த்தினால் இத்தனை வருஷக் கணக்கும் தொடர்பறுந்து போகும் என்றார். மரத்தின் சூட்டைக் கழித்து எழுதினால் என்ன என்றவர்களுக்கு, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன் என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் இல்லை அவர். பிடித்த முயலைப் புரட்டிப்போட்டு நாலு காலையும் எண்ணுகிற ஆள். அதனால் அவரோடு சண்டை போடுவது சுலபமில்லை.

"ஏம்மா, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. உங்க மரம் என் நோட்டப் பொய்யாக்குது" என்றார் வேலியருகே வந்து.

"சூடா இருக்கறதத்தான சூடுன்னு எழுதுறீங்க சார்? அதுல பொய் எங்க வந்துச்சு?"

"ஊரு சூடா இல்லையேம்மா."

அது அவளுக்கும் தெரிந்ததுதான். நிலக்கரி குறைந்ததில் அவள் வீட்டுக் கணப்பும் பாதிதான் எரிந்தது. அவர் மனு கொடுத்தார். நகராட்சி அதிகாரி விதிப் புத்தகத்தோடு வந்து, அரசு அளவுக் கருவிக்கு முப்பதடிக்குள் நிழலோ வெப்பமோ தரும் எதுவும் இருக்கக் கூடாது, உணவு தரும் மரங்கள் நீங்கலாக என்று வாசித்தார். அந்தக் கடைசி நாலு வார்த்தைகள், எந்தக் காலத்திலோ ஒரு கவுன்சிலர் தன் பேரிக்காய் மரத்தைக் காப்பாற்றச் செருகியவை. "காய்ச்சா மரம், காய்க்காட்டி வெறகு. அடுத்த கோடை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் அதிகாரி. மறுபடியும் அதே சொல். அன்று வேலையில் அக்கா ஒரு கட்டைப் பிரித்து இரண்டாம் தடவை போட்டாள், அதுவரை அவள் வாழ்க்கையில் நடக்காத விஷயம். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மரம் போனால் தன் கையே போனதுபோல் ஆகிவிடும் என்று கணவரிடம் சொல்லி அழுதாள், அவர் அன்றைய பத்து வார்த்தைகளையும் அவளுக்காகவே செலவழித்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன குளிர்காலத்தில் மரம் ஒரு தடவை பூத்தது. வெளியே கண்ணைப் பறிக்கும் வெள்ளை, நடுவில் கொத்துக் கொத்தாகப் பூ, ஊரே வந்து பார்த்தது. ஒரு பிஞ்சு நிற்கவில்லை. பூவுக்குப் பூ மகரந்தம் தூக்க ஈ வேண்டும், உறைபனியில் ஈக்கு எங்கே போவது? கெடு வைத்தபின் வந்த குளிர்காலத்தில் மறுபடி பூத்தபோது கப்பல் விடுப்பில் வந்திருந்தாள். "நான் போற ஊர்ல எல்லாம் மாமரத்துல அழுகின மீனைக் கட்டித் தொங்கவிடுறாங்க அண்ணி. நாத்தத்துக்கு ஈ வரும், ஈ வந்தா காய் வரும்" என்று சொல்லி, ஒரு கூடை மீனைக் கிளை கிளையாகக் கட்டினாள். அந்தக் குளிரில் வேறெங்கே கட்டியிருந்தாலும் மீன் கல்லாகியிருக்கும். மரத்துச் சூட்டில் மூன்றே நாளில் ஆற்றங்கரைத் தெரு ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. பந்தி தயார், விருந்தாளியைத்தான் காணோம். அப்போதுதான் பனிவண்டிக்காரர் வாயைத் திறந்தார். "ஓட்டுக்கு அடியில தூங்குது" என்றார். முப்பது வருஷமாகக் கூரைப் பனி தள்ளுகிறவருக்குத் தெரியும், இலையுதிர் காலத்தில் ஊரின் ஈக்கள் எல்லாம் மாடிக் கூரை இடுக்குகளில் போய்க் கொத்தாகப் படுத்துக்கொள்கின்றன என்று.

அந்த வாரம் ஊர் ஈ பிடித்தது. கம்பளி உடுத்த மனிதர்கள் ஏணி போட்டு ஏறி, தீப்பெட்டியில், மாத்திரை டப்பாவில், மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஈயைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தலைமையாசிரியை வகுப்புக்கு ஒரு ஜாடி என்று கணக்கு வைத்தார். மேயர் தொப்பி நிறையக் கொண்டுவந்தார். செத்ததுபோல் கிடந்த ஈக்கள் மரத்தடிச் சூடு பட்டதும் ஒவ்வொன்றாகக் காலை உதறி எழுந்து, முகம் கழுவி, மீனைப் பார்த்து, பிறகு பூவைப் பார்த்தன. இரண்டு வாரத்தில் பூங்கொத்துகளில் கடுகளவு பச்சை தெரிந்தது. கடுகு மிளகாயிற்று, மிளகு பட்டாணியாயிற்று. அக்கா ஏணியில் ஏறி எண்ணினாள், முந்நூற்றுப் பன்னிரண்டு.

குளிர் போய்விட்டது என்று நம்பி எல்லாரும் கனத்த கோட்டை மடித்து உள்ளே வைத்த வாரத்தில், அது மறந்துபோன பொருளை எடுக்க வந்ததுபோல் திரும்பி வந்தது. வடக்கிலிருந்து வந்த காற்றில் ஆறு ஒரே சத்தத்தோடு அடிவரை உறைந்தது. ஊருக்கு வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. முதல் நாள் மாலை மரம் முப்பத்தாறு புள்ளி ஒன்று. மறுநாள் விடிந்தபோது முப்பத்து நாலு. இலைகள் காதை மடக்கிய நாய்போலத் தொங்கின, பிஞ்சுகள் உறைந்த தரையில் டக் டக்கென்று விழுந்தன. அக்கா மருத்துவமனைக் கிடங்கில் காலாவதி ஆகிப் போட்டிருந்த மாவுப் பட்டைகளை எல்லாம் கேட்டு வாங்கினாள், கணவர் பனிவண்டியில் கொண்டுவந்து இறக்கினார், கப்பல் வாளி வாளியாக வெந்நீர் சுமந்தாள். வேரிலிருந்து முதல் கிளைவரை மரத்துக்கு மாவுக்கட்டுப் போட்டாள். கட்டு சூடேறியது. அரைமணி நேரத்தில் எல்லாக் கட்டும் ஆறுவதுபோல் இதுவும் ஆறியது. அவள் நுனிமொட்டு ஒன்றை அழுத்தினாள். வெளுத்தது. வெளுத்தபடியே இருந்தது. அத்தனை வருஷமாக எத்தனையோ பேரை அழாதீங்க அழாதீங்க என்று சொன்னவள், பனியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அப்போது தபால்காரர் வந்தார். பையை இறக்கி வைத்துவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, இரண்டு தடவை முறிந்து இரண்டு தடவை கூடிய வலது காலை மரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். "இத்தனை நாள் நீ குடுத்த. இந்தா, வாங்கிக்க" என்றார். அவருக்கு உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. அவர் நகர்ந்ததும் தலைமையாசிரியை முழங்கையை வைத்தார், அவருக்குப் பின்னால் மேயர். இப்படி மூன்று பேர் நின்றால் மரத்துக்கு ஒரு புள்ளி ஏறியது. செய்தி பரவியது, ஊர் திரண்டது. கையில் கூடிய இடம், காலில் கூடிய இடம், தாடையில் கூடிய இடம் என்று ஒவ்வொருவரும் அக்கா கட்டிய இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏறுவதும் காற்றில் இறங்குவதுமாக இரண்டு நாள் ஓடியது. ஒருவர் ஒரு தடவைதான் கொடுக்க முடிந்தது. இரண்டாம் தடவை நின்றவர்களிடமிருந்து மரம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இரண்டு நாளும் மணிக்கொரு முறை மரத்தை அளந்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் டிகிரிக்காரர். மரம் தோற்றால் அவர் நோட்டு ஜெயிக்கும், இது ஊருக்கே தெரியும். ஆனாலும் யாரும் கூப்பிடாமல் வேலியைத் தாண்டி வந்தவர் அவர். அளக்க வேண்டிய ஒன்று இருக்கும்போது வீட்டில் உட்கார அவரால் முடியாது. மூன்றாம் நாள் காலை, கடைசி ஆளும் கொடுத்து முடித்தபோது, "முப்பத்தாறு ஏழு" என்றார். எட்டுக்கு இன்னும் ஒரு புள்ளி குறைவு. அந்த ஒரு புள்ளிக்காகப் பிஞ்சுகள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன. கொடுக்க ஆளில்லை. தொலைவில் ஆலையில் சங்குக்கு நீராவி ஏற்றும் சத்தம் கேட்டது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், மணி ஏழாகப் போவுது. நீங்க போயி எழுதுங்க."

"தெரியும்மா" என்றார் அவர். வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த வெப்பமானியை அவளிடம் கொடுத்தார். "எனக்கு எதுவும் ஒடைஞ்சதில்ல. எடுத்துக்குமான்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டே கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மரத்தை இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கன்னத்தை மாவுக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினார். சங்கு ஊதியது. அது ஒரு நிமிஷம் முழுக்க ஊதும். முப்பத்தேழு வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தில் அவர் நின்ற இடத்தை ஊரே திரும்பிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை, பெட்டி மூடிக் கிடந்தது. சங்கு ஓயும்போது அவர் நெஞ்சுக்குள் ஏதோ சின்னதாகப் படக்கென்றது, பக்கத்தில் நின்ற தபால்காரருக்குக் கேட்டது. அக்கா வெப்பமானியைப் பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி எட்டு. நுனிமொட்டை அழுத்தினாள், வெளுத்தது, சிவந்தது. பிஞ்சு விழுவது நின்றது. ஊர் போட்ட கூச்சலில் ஆற்றுப் பனிக்கட்டி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை விரிசல் விட்டது.

ஆறு வாரம் கழித்து மரத்தின் கட்டை அக்கா மின்ரம்பத்தால் பிரித்தாள். கட்டிலிருந்து வெளிவந்த கைபோல் அடியில் பட்டை வெளுத்து, தோல் உரிந்து, கொஞ்சம் கூச்சமாக இருந்தது. டிகிரிக்காரருக்கு எடுத்த எக்ஸ்ரேயில், இடது விலா எலும்பு ஒன்றில் முறிந்து நன்றாகக் கூடிய தடம் தெரிந்தது. அவருக்கு அவள் கட்டே போட்டதில்லை, ஆனாலும் அதையும் தன் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டாள், அவரும் ஆட்சேபிக்கவில்லை. கோடையில் பழுத்தவை நூற்று நாற்பத்தொன்று. நகராட்சி அதிகாரி விதிப் புத்தகத்தோடு வந்தார். உணவா இல்லையா என்று முடிவு செய்ய ஒன்றைச் சாப்பிட்டார். சந்தேகம் தீர இன்னொன்றைச் சாப்பிட்டார். மூன்றாவதை ஏன் சாப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை. சாறு சொட்டிய பக்கத்திலேயே "உணவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மிச்சத்தை மரத்தடியில் மேஜை போட்டு, நின்றவர்களுக்கெல்லாம் அறுத்துக் கொடுத்தார்கள். முதல் துண்டை அக்கா வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"எப்படி சார்?"

டிகிரிக்காரர் மென்று முடித்தார். "வெறகுன்னு சொன்னது நாந்தாம்மா. அந்தச் சொல்ல அடிச்சிடுங்க" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது அக்காவா அவரா என்பதில் தெருவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

நீல நோட்டில் அந்த ஒரு நாள் காலியாக இருக்கிறது. மேலிடம் விளக்கம் கேட்டது. "அன்று காலை ஏழு மணிக்கு நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். மூன்று மாதம் கழித்து, எந்தக் குறிப்பும் இல்லாமல், இரண்டு பத்திகள் அச்சடித்த புதிய படிவம் வந்தது, ஒன்றின் தலைப்பு ஊர், மற்றதன் தலைப்பு மரம். எதை எதிலிருந்து கழிப்பது என்பதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், நிலக்கரி முழுசாக வருகிறது. அந்த மூன்று நாளில் மரத்தடியில் நின்ற எல்லாருக்கும் உடல் வெப்பம் முப்பத்தாறு புள்ளி ஏழு, இன்றுவரை அவ்வளவுதான். புதிதாக வரும் டாக்டர்கள் முதலில் திகைப்பார்கள். நர்ஸுகள் சொன்னதும் ஒரு புள்ளி கூட்டிக்கொண்டு மருந்து எழுதுவார்கள். தினமும் காலை ஏழேகாலுக்கு டிகிரிக்காரர் பஸ் நிறுத்தத்துப் பலகையில் எழுதுகிறார். இன்று ஊர் மைனஸ் பதினொன்று, மரம் முப்பத்தாறு புள்ளி எட்டு. மாவுக்கட்டு அக்கா முதல் பஸ்ஸுக்கு வந்து, இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகிறாள்.